உள்தாழ்ப்பாள் இல்லாத கண்ணாடி வீடு

போன மாதம் கொடைக்கானலிலிருந்து ரோஸ்லின் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கொடிப் பண்ணையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். என்னோடு வேலை பார்த்த சவரியண்ணனின் மகள். கண்ணாடி வீட்டுக்குள் புதிதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்களாம். குளிர் இறங்கினால் தானாக ஓடுமாம், சூடு ஏறினால் தானாக நிற்குமாம். "இனிமே யாரும் விடியுமுன்ன எந்திரிக்க வேண்டாம் அத்தை" என்றாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளிடம் கேட்ட கேள்வியையும் சொன்னாள்.

"கதவுக்கு வெளியே கொண்டி இருக்கு, உள்ள ஏன் தாழ்ப்பாளே இல்லன்னு கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொன்னேன். நீங்க எழுதிக் குடுத்தா சுவத்துல ஒட்டி வைப்பேன்."

சுவரில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கமாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் எம். புதுப்பட்டி. வேலையிலிருந்து ஓய்ந்து இப்போது இங்கேதான் தங்கை வீட்டில் இருக்கிறேன். இளவயதில் எனக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் பக்கம் மார்கழியில்கூடப் போர்வை தேடுகிறவர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றினேன். என் வீட்டுக்காரர் கருப்பசாமி அதே கம்பெனியில் வெடிமருந்துக் கலவை. வெயில் ஏறுவதற்குள் கலவை வேலை முடிந்துவிட வேண்டும். செருப்போடு உள்ளே போகக்கூடாது. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் பொறி தட்டாமல் இறங்க, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். இவர் எல்லாம் சரியாகச் செய்கிறவர்தான். ஆனாலும் ஒருநாள் காலையில் மருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேரில் இவர் ஒருவர்.

நான் இருந்த ஷெட் கம்பெனியின் மறுகோடியில். நாங்கள் ஓடிவருவதற்குள் யாரும் கிட்டே போகமுடியாதபடி வேலியை அடைத்துவிட்டார்கள். பிறகு என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னார்கள். "கருப்பசாமிக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது தாயி. அந்தச் சத்தத்தோட எல்லாம் முடிஞ்சிருச்சு." எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிடித்துக்கொள்ள எனக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி இரண்டு அண்ணன் தம்பிகளுடையது. அண்ணனைப் பெரிய முதலாளி என்போம். ஆர்டர், லோடு எல்லாவற்றையும் சிவகாசியில் இருந்தபடி பார்த்துக்கொள்வார். தம்பி சின்ன முதலாளி. தினமும் கம்பெனிக்குள்ளேயே இருப்பவர். விபத்துக்குப் பிறகு விசாரணைக்காக சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"கம்பெனியை அண்ணன்கிட்ட விட்டுட்டேன், பேச்சி. கொடைக்கானல்ல எங்க அப்பா வாங்கிப் போட்ட தோட்டம் இருக்கு. அங்கன போறேன். நீயும் வாரியா? தோட்ட வேலைதான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை கத்தினாள். "அந்த ஆளுகிட்டயா வேலைக்குப் போகப் போற? ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?" அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் தினமும் காலையில் கம்பெனி வேன் தெருவில் வந்து ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகச் சோற்றுப் போணியைத் தேடும், அவருடையதையும் சேர்த்து. அந்த வேன் வராத ஊர் ஒன்று இருந்தால் போதும் என்றிருந்தது. போய்விட்டேன்.

மலையில் அவர் முதலில் சொன்னது, "இங்கன மொதலாளி கிடையாது. சவரி கூப்பிடுற மாதிரி நீயும் அண்ணாச்சின்னே கூப்பிடு." எனக்கு அது வாயில் வர ரொம்ப நாளானது.

நாங்கள் வளர்த்தது சிவப்புத் தாட்பூட் கொடி. பாஷன் ஃப்ரூட் என்பார்களே, மலையில் வேலிதோறும் படர்ந்து கிடக்கும் அந்தத் தாட்பூட் பழக்கொடி வேறு. அது வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும், குளிரைத் தாங்கும். சிவப்பு அதன் சொந்தம்தான். ஆனால் வெப்பக் காட்டில் பிறந்தது. பூ உள்ளங்கை அகலம், மிளகாய்ப் பழத்தின் சிவப்பு, நடுவில் முடிமுடியாக ஒரு வட்டம். காலையில் விரிந்தால் சாயங்காலம் மூடிக்கொள்ளும். ஒரு விடியல் உறைபனி பட்டால் போதும், வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிடும். பங்களாக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் அதைத் தொட்டியில் கேட்டு வருவார்கள். அவ்வளவு குளிரில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

வெறும் குச்சியாக நட்டால் ஈரக் குளிரில் அதன் வேர் அழுகிவிடும். அதனால் வேலிக் கொடியை அடிச்செடியாக வைத்து அதன்மேல் சிவப்பை ஒட்டுக் கட்டுவோம். அடிச்செடியை ஒரு சாண் உயரத்தில் நறுக்கி நடுவே பிளக்க வேண்டும். சிவப்புக் கொடியின் இளந்தண்டை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அந்தப் பிளவில் இறக்க வேண்டும். தோலோடு தோல் சேர வேண்டும். மேலே பிளாஸ்டிக் நாடா. இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்ந்தால் காற்றுப் புகும். நான் கட்டிய ஒட்டுகள் பெரும்பாலும் பிடித்தன. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "குழாய் சுத்துன விரலு" என்று மட்டும் சொல்வார். பாராட்டா வருத்தமா என்று தெரியாது.

அவர் அதிகம் பேசமாட்டார், கோபப்படமாட்டார். தப்பாகச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று அதே வேலையைத் தன் கையால் ஒருமுறை செய்துவிட்டுப் போய்விடுவார். குளிர்காலத்தில் தண்ணீர் குறைவாகத்தான் விட வேண்டும், அதுவும் வெயில் வந்தபின், கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர். மேல் சன்னல்களைக் காலையில் திறந்து, வெயில் சாய்வதற்குள் மூடிவிட வேண்டும். அப்போதுதான் பகல் சூடு உள்ளே தங்கும். கண்ணாடி வீட்டின் வடக்குச் சுவரோரம் கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர் டிரம்கள் வரிசையாக இருந்தன. பகலில் சூடேறி, இருட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விடும். எந்தக் குளிருக்கும் அவர் அதற்கு மேல் போகமாட்டார். மற்ற பண்ணைகளில் கரி அடுப்பு வைப்பார்கள். எங்கள் கண்ணாடி வீட்டுக்குள் தீக்குச்சிகூட வரக்கூடாது. சவரியண்ணன் பீடிக்கட்டை வெளியே கல்லுக்கடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அண்ணாச்சியும் சொன்னதில்லை.

சவரியண்ணன் பெருமாள்மலைப் பக்கத்துக்காரர். கொடிகளைப் பிள்ளைகள் மாதிரி திட்டிக்கொண்டே வளர்ப்பார். "ஏய், நீ எங்க போற? கம்பியைப் பிடி" என்று இலைகளோடு பேசிக்கொண்டே இருப்பார்.

நான் மலைக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு வருடம் மழை சீக்கிரமே விட்டுவிட்டது. தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு சாயங்காலம் வானத்தில் மேகம் ஒரு துண்டு இல்லை, காற்றும் அசையவில்லை. மலைக்காரர்களுக்கு அது போதும், உறைபனி வரப்போகிறது என்று தெரிந்துவிடும். மூன்று பேரும் அவசர அவசரமாக வேலை பார்த்தோம். அடித்தண்டுகளைச் சாக்கால் சுற்றினோம். வேர்மேல் வைக்கோல் பரப்பினோம். கொடிப்பந்தல்மேல் பழைய போர்வைகளை விரித்தோம்.

சவரியண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் ஒரு இரும்புச் சட்டியில கொஞ்சம் கரி போட்டு வைப்போமா? இது சாதாரணக் குளிரு இல்ல."

"வேண்டாம்."

"அம்புட்டும் போயிரும் அண்ணாச்சி."

"போனாப் போகட்டும். இதுக்குள்ள நெருப்பு வரக்கூடாது."

குரல் உயரவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

விடிந்தும் விடியாமலும் நான் குடிசையிலிருந்து வெளியே வந்தேன். புல்வெளி முழுக்க உப்புக் கொட்டினாற்போல வெள்ளை. காலடியில் நொறுநொறுவென்றது. கண்ணாடி வீட்டைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. உள்ளே கண்ணாடியெல்லாம் வியர்த்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவ்வளவு சூடு அங்கே இருக்க வழியில்லை. கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவிடுக்கிலெல்லாம் சாக்குத் துணி அடைத்திருந்தது. ஒரு கண்ணாடியை முந்தானையால் துடைத்து உள்ளே பார்த்தேன். கொடிகள் பச்சைப் பசேல் என்று இருந்தன. நடுவில் ஒரு இரும்புச் சட்டி, சாம்பல் பூத்த கரி. பக்கத்தில் சவரியண்ணன் சாய்ந்து படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிட்டேன். கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை.

நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி வெளியே வந்தார். வெறுங்கால், வேட்டி, மேலே ஒரு துண்டு. அந்த வெள்ளைப் புல்மேல் ஓடி வந்தார். ஒருதரம் உள்ளே பார்த்தார். யோசிக்கவே இல்லை. வாசலில் கிடந்த மண்தொட்டியைத் தூக்கிக் கதவுக் கண்ணாடியில் அடித்தார். உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். கண்ணாடி முனை முழங்கையில் இறங்கியது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"நீ வராத! வெளிய நில்லு பேச்சி!"

நான் நிற்கவில்லை. உள்ளே புகை எதுவும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் இரண்டு மூச்சிலேயே தலை கிறுகிறுத்தது. அவர் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, இழுத்து வந்து புல்லில் போட்டோம். சவரியண்ணனின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. மூச்சு இருந்தும் இல்லாமலும். அண்ணாச்சி திரும்பவும் ஓடினார். சட்டியை வெளியே எறிந்தார். ஒரு கம்பியை எடுத்து மேல் சன்னல் கண்ணாடிகளை வரிசையாக உடைத்தார். உள்ளே இருந்த விஷக்காற்று போகட்டும் என்று செய்தாரோ, வேறு எதற்காகச் செய்தாரோ, எனக்குத் தெரியாது. உடைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். "போதும் அண்ணாச்சி, வண்டியை எடுங்க." அன்றைக்குத்தான் அந்தச் சொல் தடையில்லாமல் என் வாயில் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் காற்றுக்கு வாசனை கிடையாது, ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். மத்தியானம் சவரியண்ணன் கண் திறந்தார். எங்களைப் பார்த்ததும் உதடு அசைந்தது. "கொடி?"

"கொடி கெடக்கு. நீ மூச்சு விடு" என்றார் அண்ணாச்சி.

பிறகு நானும் அண்ணாச்சியும் ஆஸ்பத்திரி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் பெரிய கட்டு. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னைக்கு கருப்பசாமி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு, பேச்சி."

எனக்குப் புரியவில்லை.

"வெடிச்ச பெறகு. உள்ளேயிருந்து கூப்பிட்டான். நான் வாசல் வரைக்கும் வந்தேன். செம்புத் தகடு மேலதான் நின்னேன். உள்ள போகலை."

வராந்தாவில் யாரோ வாளியோடு போனார்கள். நான் எழுந்தேன். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, மாறி மாறி எம். புதுப்பட்டி வந்து சேர்ந்தேன். மாற்றுப்புடவைகூட எடுத்துவரவில்லை.

தங்கை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் உள்ளே போகவில்லை என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மருந்து அறையில் தீ பிடித்தால் உள்ளே போகிறவரும் திரும்பமாட்டார் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னால் தாங்க முடியாதது வேறு. என் புருஷன் கூப்பிட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தோடு முடியவில்லை. எத்தனை வருடமாக நான் நிம்மதி என்று வைத்துக்கொண்டிருந்தது நிம்மதி இல்லை. இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று அவர்மேல் கோபம் வந்தது. சொல்லாமலே இருந்திருந்தால் என்று நினைத்தால் அதற்கும் கோபம் வந்தது.

பொங்கல் போனது. மாசி பிறந்தது. ஒருநாள் சவரியண்ணன் போன் செய்தார். பேச்சு கொஞ்சம் இழுத்தது. கை நடுங்குகிறது என்றார், அது கடைசிவரை சரியாகவில்லை.

"கண்ணாடி வர நாளாகிப் போச்சு பேச்சி. அதுக்குள்ள அடுத்தடுத்துப் பனி விழுந்து எல்லாம் கருகிப் போச்சு. வெட்டி விட்டாத்தான் அடியாவது பிழைக்கும். அண்ணாச்சி கத்தரியைத் தொடமாட்டேங்கிறாரு. என் கையில தெம்பு இல்ல. நான்தான் தப்புப் பண்ணேன், நீ எதுக்குப் போன?"

நான் எதற்காகப் போனேன் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் மனதில் இருந்தது.

அண்ணாச்சி கண்ணாடி வீட்டு வாசலில் நின்றார். கறுத்த கொடிகள் பந்தலிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கின. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மொதலாளின்னு. ரெண்டு தரம். வேற ஒண்ணும் சொல்லல."

"ரெண்டு தரந்தானா?"

"ரெண்டு தரந்தான். அப்புறம் ரெண்டாவது வெடி. அதுக்கப்புறம் சத்தம் இல்ல."

நீட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு நோகக்கூடாது என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருப்பேன். கொஞ்ச நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் அங்கேயே நின்றார். தேற்ற வரவில்லை, விலகிப் போகவும் இல்லை. அழுது முடித்தபின் கையை நீட்டினேன்.

"கத்தரியைக் குடுங்க அண்ணாச்சி."

கருகிய கொடியை மேலிருந்து வெட்டி வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பழுப்பு என்றால் இன்னும் கீழே. பச்சை தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். அன்றைக்கு எந்தக் கொடியிலும் ஒட்டுக்கு மேலே பச்சை தெரியவில்லை. ஒட்டுக்குக் கீழேதான் தெரிந்தது. பங்குனியில் எல்லாத் தொட்டியிலும் துளிர் விட்டது. சவரியண்ணன் துள்ளினார். அண்ணாச்சி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலிக்கொடி" என்றார். பிழைத்தது அடிச்செடி மட்டும்தான். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

எங்களிடம் முன்பு தொட்டி வாங்கிப்போன வீடுகளுக்கு நானும் அவரும் ஒவ்வொன்றாகப் போனோம். பல வீடுகளில் அதுவும் கருகியிருந்தது. ஏரிக்கு மேலே ஒரு டாக்டரம்மா வீட்டில் மட்டும், சமையலறைப் புகைக்கூண்டுச் சுவரில் ஒட்டிப் படர்ந்து ஒரு கொடி உயிரோடு இருந்தது. அடுப்பு வெளியே தெரியாமல் சுவரைச் சூடாக்கியிருக்கிறது. டாக்டரம்மா வேண்டிய தண்டுகளை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தண்டுகளை நான்தான் வெட்டினேன். அண்ணாச்சி அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பி வரும்போது சொன்னார். "நெருப்பே வேண்டாம்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. எங்கன வைக்கணும்னு சொல்லியிருக்கணும். சொல்லாததாலதான் சவரி அவனுக்குத் தெரிஞ்ச இடத்துல வச்சான்."

அந்தக் கோடையிலேயே கண்ணாடி வீட்டுக்கு வெளியே, தள்ளி, ஒரு சின்ன ஷெட் எழும்பியது. அதில் விறகு பாய்லர். அங்கிருந்து வெந்நீர்க் குழாய் உள்ளே வந்து சுவரோரம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும். நெருப்பு வெளியே, சூடு உள்ளே. மேல் சன்னல்களில் ஒன்று எந்தக் குளிரிலும் மூடாதபடி அமைத்தார். புதுக்கதவு வந்தபோது தச்சர் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தார். அண்ணாச்சி தன் கையாலேயே அதைக் கழற்றி எடுத்தார். பிறகு எத்தனை கதவு மாற்றினாலும் உள்ளே தாழ்ப்பாள் வைத்ததில்லை. ரோஸ்லின், உன் ஆட்களிடம் இதைச் சொல்.

பாய்லருக்கு முதல் தீ வைக்க வேண்டிய நாளில் அண்ணாச்சியின் கையில் தீக்குச்சி நிற்கவில்லை. சவரியண்ணனின் கை எப்போதுமே நடுங்கியது. நான் வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை குளிர்காலத்தில் அது என் வேலை. டாக்டரம்மா வீட்டுத் தண்டுகளில் பாதிக்குமேல் ஒட்டுப் பிடித்தன. இப்போது பண்ணையில் இருக்கும் சிவப்பெல்லாம் அவற்றின் வழி வந்தவைதான்.

கருப்பசாமியைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. பேச வேண்டியது எனக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவர் இறந்த தேதியில் அண்ணாச்சி வேலைக்கு வரமாட்டார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். நான் அன்றைக்கும் வேலை செய்வேன். அது அவரவர் வழி.

அண்ணாச்சிக்கு உடம்பு முடியாமல் போனதும் சிவகாசிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. நானும் சவரியண்ணனும் கேதத்துக்குப் போனோம். பெரிய வீடு, தெருவை அடைத்துப் பந்தல், வாசலில் கார்கள். சவரியண்ணன் ஆண்கள் பக்கம் போய்விட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து பந்தல் காலோரம் நின்றேன். நாற்காலியில் பெரிய முதலாளி உட்கார்ந்திருந்தார். ரொம்ப வயதாகிவிட்டது. யாரோ அவர் காதில் நான் இன்னார் என்று சொன்னார்கள். கையசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் அவன்கூட மலையில இருந்தவளா?"

"ஆமா மொதலாளி."

"கம்பெனியை விட்டுட்டுப் போனான். கல்யாணங்காச்சிக்குக் கூப்பிட்டாலும் வந்து தலையைக் காட்டிட்டு ஓடிருவான்." கண் கலங்கியிருந்தது. "அங்கன அவன் சந்தோசமா இருந்தானா தாயி?"

இல்லை என்று சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் மனம் வராது. ஆமாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"அது தெரியாது மொதலாளி. காலையில எந்திரிச்சதும் கொடியைப் பாக்கத்தான் போவாக. காப்பியைக் குடிச்சிட்டுப் போங்கன்னா கேக்க மாட்டாக. எல்லாத் தொட்டியையும் பாத்துட்டு வரதுக்குள்ள காப்பி ஆறிப் போயிரும். அதைத்தான் குடிப்பாக."

பெரிய முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.